நுரையீரல் புற்றுநோயாளிக்கு மனத்துணை: டெல்டாவில் இருக்கும் வழிகளை ஒப்பிட்டால்

பயாப்சி முடிவு கைக்கு வந்த அன்றே, வைத்தியம் எந்த ஊரில் என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியா, திருச்சியா, காரைக்கால் பக்கத்துக்காரர்களுக்குப் பழக்கமான புதுச்சேரி ஜிப்மரா, சென்னை அடையாறா என்று சித்தப்பா முதல் மைத்துனர் வரை ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதே நாளில் எடுக்க வேண்டிய இன்னொரு முடிவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இனி வரும் மாதங்களில் நோயாளி தம் பயத்தையும் துக்கத்தையும் யாரிடம் இறக்கி வைப்பார் என்பதே அந்த முடிவு. "நாமதான் இருக்கோமே" என்ற நினைப்பில் அந்தக் கேள்வி எழாமலே போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போயிற்று. பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலுள்ள எங்கள் கிராமத்தில் என் அப்பாவின் நோயோடு பதினான்கு மாதங்கள் வாழ்ந்தோம். குடும்பம், மருத்துவமனை ஆலோசகர், சக நோயாளிகள், கோயில், தொலைபேசி, வீடு தேடி வரும் செவிலியர் என ஒவ்வொரு வழியையும் ஏதோ ஒரு கட்டத்தில் நாடினோம். முதலில் நாடியிருக்க வேண்டியதைக் கடைசியில் நாடினோம். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

வழிகளை எடைபோடும் முன், நுரையீரல் புற்றுநோய் மனத்தை எப்படித் தாக்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக அளவில் 2022-இல் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 18 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கொள்வதில்லை. நம் பக்கத்தில் இருமலுக்குச் சளி மருந்து, பிறகு காசநோய் என்ற சந்தேகத்தில் சில மாதங்கள் என்று காலம் ஓடி, முற்றிய பிறகே பலருக்கு நோய் தெரியவருகிறது. ஆகவே நோயின் பெயரைக் கேட்கும் நாளிலேயே முடிவைப் பற்றிய பயமும் சேர்ந்து வருகிறது. அதற்கு மேல் இந்நோய்க்கே உரிய சுமைகள் இரண்டு உண்டு. முதலாவது மூச்சு. மூச்சு முட்டினால் பயம் வருகிறது, பயந்தால் மூச்சு வேகமெடுக்கிறது, வேகமெடுத்த மூச்சு மேலும் முட்டுகிறது. இந்தச் சுழலில் நள்ளிரவில் அகப்பட்ட ஒருவரிடம் தைரியமாக இருக்கச் சொல்வதால் பயன் ஏதும் இல்லை. இரண்டாவது பழி. நாற்பது ஆண்டுகள் பீடி குடித்த என் அப்பாவைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "அப்பவே சொன்னேன்ல மாமா" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். புகையே பிடிக்காதவர்களும் இந்தப் பழிக்குத் தப்புவதில்லை. எங்கள் தெருவிலேயே வாழ்நாள் முழுவதும் விறகிலும் வறட்டியிலும் சமைத்த ஒரு அத்தைக்கு இதே நோய் வந்தது. வீட்டுக்குள் எழும் விறகுப் புகை பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் ஊர், அந்த அம்மாள் போட்ட வெற்றிலைச் சீவலையும் அவருடைய கணவர் விட்ட புகையையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. எந்த வழியைத் தேர்ந்தாலும், அது மூச்சையும் பழியையும் தாங்குமா என்று பார்த்தே தேர வேண்டும்.

முதல் வழி குடும்பமும் உறவும். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறுவை அறுவடை நேரத்தில் அப்பாவுக்குக் கீமோ தொடங்கியது. எங்கள் இரண்டு மா நிலத்தையும் பங்காளிகளே அறுத்து, தூற்றி, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சேர்த்தார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை தஞ்சாவூருக்குப் போகத் தெருவிலிருந்து எப்போதும் ஒரு வண்டி கிடைத்தது. உடன் வந்து படுக்கவும், கஞ்சி வைக்கவும், காப்பீட்டு அட்டைக்கு வரிசையில் நிற்கவும் ஆள் இருந்தது. நகரத்தில் பணம் கொடுத்தாலும் கிடைக்காத இந்தத் துணை, டெல்டாவின் கிராமங்களில் கேட்காமலே வருகிறது. வேறு எந்த வழியும் இதற்கு ஈடாகாது.

ஆனால் குடும்பத்தால் தர முடியாத ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அது ஐந்து மாதம் கழித்துத்தான் புரிந்தது. நோயின் பெயரை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணன்தான் மருத்துவரைக் கேட்டுக்கொண்டார். "நெஞ்சுல சளி கட்டி" என்று சொல்லி வைத்திருந்தோம். பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான் இது, அன்பினால்தான் நடக்கிறது. அப்பாவோ, இரண்டாவது கீமோவின்போதே பக்கத்துப் படுக்கைக்காரர் வழியாக எல்லாவற்றையும் அறிந்துகொண்டு, எங்களுக்குத் தெரிந்தால் உடைந்துபோவோம் என்று எங்களிடம் மறைத்திருக்கிறார். நாங்கள் அவர் முன்னால் சிரித்தோம். அவர் எங்கள் முன்னால் சாப்பிட்டார். ஒரே கூரையின் கீழ் எல்லாரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம், அவருடைய பயத்தை மட்டும் யாரும் தொடவில்லை. பிள்ளைகள் முன் அழாத தகப்பன், மகள் கல்யாணக் கடன் பாக்கியிருக்கும் தகப்பன், தம் பீடிதான் காரணம் என்று மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசும் கணவர் — இவர்களுக்கெல்லாம் மனம் திறக்க மிகக் கடினமான இடம் சொந்த வீடுதான். உறவினர் வருகையும் இரு வகையாக அமைகிறது. சும்மா உட்கார்ந்து மேட்டூரில் எத்தனை அடி, முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களா என்று பேசிவிட்டுப் போனவர்களால் அப்பாவுக்கு அன்றிரவு தூக்கம் வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, இதே நோயில் செத்தவர்களின் கதையைச் சொல்லிப் போனவர்களால் வரவில்லை. பின்னவர்களை வாசல் திண்ணையிலேயே நிறுத்திப் பேசி அனுப்ப வீட்டில் ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் என் தங்கை அதைத் துணிந்து செய்தாள்.

இரண்டாவது வழி, சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே உளவியல் ஆலோசகரைப் பார்ப்பது. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் புற்றுநோய் உளவியலுக்கெனத் தனித் துறையே உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கேட்டால் அங்கே அனுப்பிவைப்பார்கள். ஆனால் கேட்க வேண்டும். மனநலப் பிரிவுக்குப் போவது என்றாலே "எனக்கென்ன பைத்தியமா" என்று நோயாளி கேட்பதால் குடும்பத்தார் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தால் இழப்பது அதிகம். மற்றெந்த வழியாலும் செய்ய முடியாத ஒன்றை இந்த வழி செய்கிறது: துக்கத்தையும் நோயாகிவிட்ட மனச்சோர்வையும் பிரித்தறிவது, தேவைப்பட்டால் மருந்து எழுதுவது. அந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், இரண்டு நாள் போட்டுவிட்டுப் பயனில்லை என்று நிறுத்தக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நேற்றுவரை நன்றாகப் பேசிய நோயாளி திடீரென்று எரிந்து விழுவதும், குழம்புவதும், சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதும் மனக்கவலையால் மட்டும் வருவதில்லை. இரத்தத்தில் சோடியம் குறைந்தாலோ, நோய் மூளைக்குப் பரவினாலோ, வாந்தியைத் தடுக்கவும் வீக்கம் குறையவும் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளாலோ அப்படி ஆகலாம். அந்த நிலையில் எவ்வளவு இதமாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கு அது மாற்றாகாது.

இந்த வழியின் குறை தூரம்தான். கும்பகோணத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். புற்றுநோயாளி சிகிச்சைக்காகப் பயணம் செய்யும்போது, மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால், ரயிலில் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அவருக்குக் கட்டணம் இல்லை. உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு சலுகை உண்டு. சோழன் விரைவு ரயிலில் நாங்கள் அப்படித்தான் ஒருமுறை போய்வந்தோம். ஆனால் மூச்சு வாங்கும் மனிதரை ஒரு மணி நேரப் பேச்சுக்காக ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்ய வைப்பது சரியாகப் படவில்லை. கரண்ட் வைப்பதற்காக (கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக) வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நகரத்திலேயே தங்கும் காலம்தான் ஆலோசகரைப் பார்க்க ஏற்றது. அப்போது அவர் சில நிமிட நடைத் தொலைவில் இருப்பார். ஊரில் யாருக்கும் தெரியாமலும் பார்த்துவரலாம்.

மூன்றாவது, சக நோயாளிகள். ஒழுங்காகக் கூடும் குழு எங்கள் பக்கத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை கீமோ வார்டின் பக்கத்துப் படுக்கையும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் திருத்துறைப்பூண்டிக்காரர், அப்பா வயதுதான். முடி கொட்டியதைப் பற்றியும், வாய் கசந்து மோர் மட்டுமே இறங்குவதைப் பற்றியும், பீடியை இப்போது விட்டால் என்ன விடாவிட்டால் என்ன என்பதைப் பற்றியும் அவரிடம் பேசிய அளவுக்கு அப்பா எங்களிடம் பேசியதில்லை. நோய் வந்த பிறகு புகையை விட்டாலும் சிகிச்சைக்கு நல்லது என்று மருத்துவர் பலமுறை சொல்லியும் கேட்காதவர், அந்த மனிதர் விட்டதைப் பார்த்தபின்தான் விட்டார். (தனியாக விட முடியாதவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது.) பழியின் சுமையை இறக்கச் சக நோயாளியைப் போல் எவராலும் முடியாது, ஏனென்றால் அவரும் அதையே சுமக்கிறார். குழுவில் பேசினால் ஆயுள் கூடுமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வு, கூடும் என்று சொன்னது. 2001-இல் வெளியான, அதைவிடப் பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் தொடக்கத்தில் மிகுந்த துயரத்தில் இருந்தவர்களின் மன வேதனையும் வலியும் குறைந்தன. மனம் லேசாவது ஒன்றே இந்த வழியை நாடப் போதுமான காரணம். ஆயுளுக்காக என்று சொல்லி யாரையும் குழுவுக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை.

நுரையீரல் புற்றுநோயில் இந்தத் துணை நிலையற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது கீமோவுக்குப் போனபோது திருத்துறைப்பூண்டிக்காரரின் படுக்கையில் வேறொருவர் இருந்தார். அப்பா எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் அய்யம்பேட்டை தாண்டும் வரை பேசவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவை நாங்களே பத்து நாளில் விட்டு விலகினோம். கீமோவை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு சாற்றைக் குடித்தால் கட்டி கரையும் என்று அதில் நாளுக்கு நான்கு செய்திகள் வந்தன. ஒவ்வொரு செய்தியும் அப்பாவை ஒரு இரவு ஆசையிலும் அடுத்த இரவு சந்தேகத்திலும் வைத்தது.

கோயிலையும் தர்காவையும் மாதா கோயிலையும் இந்த வரிசையிலிருந்து விட்டுவிட்டால் டெல்டாவைப் பற்றிப் பேசியதாகாது. வைத்தீஸ்வரன் கோயில் திருச்சாந்துருண்டை எங்கள் வீட்டிலும் வந்தது. நாகூரிலிருந்தும் வேளாங்கண்ணியிலிருந்தும் நண்பர்கள் வேண்டிக்கொண்டு வந்தார்கள். அப்பாவுக்கு அது உண்மையான ஆறுதல். மருந்தை நிறுத்தச் சொல்லாத வரையில் இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நோயை முன்வினைப் பயன் என்று நோயாளியே நம்பத் தொடங்கினால், ஏற்கெனவே பீடிப் பழியைச் சுமப்பவர் தலையில் அது இன்னொரு மூட்டையாக ஏறும். அந்தப் பேச்சை மட்டும் வீட்டார் வளரவிடக் கூடாது.

தொலைபேசி ஆலோசனை இரவு நேரத்துக்கான வழி. 2022 அக்டோபர் முதல் இயங்கும், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, எந்த நேரத்திலும், கட்டணமின்றிப் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் உண்டு. முகம் தெரியாத குரலிடம் நெடுநேரம் பேசக் கிராமத்துப் பெரியவர்கள் பழகவில்லை என்பதால் நோயாளியைவிட அவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கே இது அதிகம் பயன்படுகிறது. ஆனால் "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற வகைப் பேச்சு நோயாளியின் வாயிலிருந்து வந்தால், அதை அலுப்பு என்று தள்ளாமல், அன்றே இந்த எண்ணை அழைக்க வேண்டும். வயலுக்கென்று வீட்டில் வைத்திருக்கும் பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கே, கொண்டுபோய்விட வேண்டும். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நாங்கள் கடைசியில் நாடியது வீடு தேடி வரும் நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது நோயாளியின் வலியையும் மூச்சுத் திணறலையும் மன வேதனையையும் தணிக்கும் சிகிச்சை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஊரில் இருக்கும் மகளிர் சுகாதார தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால், இதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். செலவு எதுவும் இல்லை. இந்தத் திட்டத்தை ஆரம்பத்திலேயே அறிந்திருந்தும் நாங்கள் அழைக்காததற்குக் காரணம் ஒரு தவறான எண்ணம்: இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கைவிட்ட பிறகு வருவது அது என்று நினைத்திருந்தோம். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இந்த எண்ணத்தை நேராக மறுக்கிறது. நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்டதாகப் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையும், மறுபாதியினருக்கு அதனுடன் ஆரம்பத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சையும் அளிக்கப்பட்டன. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 38 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இரண்டாம் பிரிவில் 16 சதவீதம் பேருக்கு மட்டுமே. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகள் இரண்டாம் பிரிவினருக்குக் குறைவாகவே தரப்பட்டன. இருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதமாக இருந்தது. பாஸ்டன் மருத்துவமனையின் வசதி எங்கள் ஒன்றியத்துச் செவிலியரிடம் இல்லை, அந்த எண்கள் இங்கே அப்படியே பலிக்கும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் கடைசிக்கென்று ஒதுக்கி வைக்காமல் முதல் மாதத்திலேயே அழைப்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியர் முதல் நாளில் அப்பாவின் மூச்சைத்தான் கவனித்தார். சற்று முன்சாய்ந்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றி உட்காரவும், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடவும் சொல்லிக்கொடுத்தார். பிறகு பரணில் கிடந்த பனைவிசிறியை எடுத்துவரச் சொல்லி முகத்துக்கு நேராக விசிறக் காட்டினார். முகத்தில் படும் காற்று மூச்சுத் திணறும் உணர்வைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. இரவில் பயம் வந்தால் செய்வதற்குக் கையில் ஒரு வேலை இருந்தது, அதனாலேயே பயம் பாதி குறைந்தது. மூச்சுத் திணறலுக்கு மருத்துவர் குறைந்த அளவில் மார்ஃபின் எழுதியபோது, அது சாவுக்கு முந்தின மருந்து என்று அம்மா மறுத்தார்; அம்மாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிப் புரியவைத்தவரும் அந்தச் செவிலியர்தான். புற்றுநோயாளிகளின் மன வேதனையை அளக்க உலகெங்கும் பயன்படும் பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவுகோல் ஒன்று உண்டு. நான்கும் அதற்கு மேலும் போனால் கூடுதல் கவனம் தேவை. செவிலியர் அதைக் கேட்டபோது அப்பாவுக்கு எண் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேட்டூர்ல எத்தனை அடின்னு கேளும்மா, சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேதனைக்கு அளவு மேட்டூரின் 120 அடிதான். ஸ்கேன் முடிவு வரும் நாளில் நூற்றுப்பத்து என்பார்; செவிலியர் வந்துபோன மாலையில் அறுபது. நோயின் பெயரை ஐந்து மாதம் எங்களிடம் மறைத்தவர், மூன்றாவது வருகையின்போது அதைச் செவிலியரிடம் தம் வாயால் சொன்னார். நாங்கள் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அதன் பிறகு எங்களுக்குள்ளும் மறைக்க எதுவும் இருக்கவில்லை.

இப்போது ஒருவர் என்னிடம் கேட்டால் சொல்லும் முடிவு இதுதான். கைவேலைக்கும் காவலுக்கும் குடும்பத்தை நம்புங்கள். காதுக்கு வெளியாள் ஒருவரை, அதுவும் வீட்டுக்கு மிக அருகில் கிடைப்பவரை, முதல் மாதத்திலேயே தேடுங்கள். நோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்து அறுவை சிகிச்சையோடு முடிபவருக்குச் சக நோயாளியும் மருத்துவமனை ஆலோசகரும் போதுமானவர்களாக இருக்கலாம், அவருக்குப் பயணம் செய்யத் தெம்பும் இருக்கும். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவருக்கு வீட்டுக்கு வரும் செவிலியரைத்தான் முதலில் வைப்பேன்; ஆலோசகரை நகரத்தில் தங்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்வேன். பிள்ளைகள் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, தனியாக இருக்கும் முதியவருக்கும் இதே வரிசைதான், அத்துடன் தலையணைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிய தொலைபேசி எண்களும் வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்தால் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: எங்கள் தெரு அத்தை கீமோவுக்கு மறுநாளும் அடுப்படியில் நின்றார், அவரைப் பார்க்க வந்தவர்களுக்கு அவரே காப்பி போட்டார். அவருக்கு முதல் மனத்துணை, அந்த அடுப்படி வேலையை வேறொருவர் ஏற்பதுதான்.

செவிலியர் வரும் செவ்வாய்க்கிழமைகளில் அப்பாவிடம் பேசி முடித்த பிறகு, கொல்லைப்புறத் துவைக்கல் பக்கம் போய் அம்மாவோடு கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அம்மா ஒரு வருடமாக இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை என்பதை அவரிடம்தான் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே நானும் தங்கையும் இரவு முறையைப் பங்கிட்டுக்கொண்டோம்.